ஒரே இடத்தில் விழுந்த அழுத்தம்

அநியாயம் செய்யப்பட்டவள் பெயர் அமலோற்பவம், எனக்கு அமலி. மணப்பாட்டுப் பெண், எங்கள் மொழியியல் துறையில் திட்ட உதவியாளர், நான் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவள். பதினெட்டாயிரம் இத்தாலியச் சொற்களை அசை அசையாகப் பிரித்து, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று குறி போட வேண்டிய வேலையில், என் விடையைப் பார்த்து எழுதினாள் என்று சொல்லி அவளை நீக்கிவிட்டார்கள். ஒரே பக்கக் கடிதம். நம்பகத்தன்மைக்குக் குந்தகம் என்று அதில் ஒரு வரி, விடுதி அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். அநியாயம் என்று நான் பன்னிரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேன்டீனில் சொன்னேன், நூலகப் படிக்கட்டில் சொன்னேன், விடுதியில் துணி காயப்போடுகிற இடத்தில் ஈரத் துண்டோடு நின்று சொன்னேன். விசாரிக்காமல் எப்படி நீக்கலாம், இரண்டு பேர் விடையும் ஒன்றுபோல இருந்தால் அவள்தான் பார்த்தாள் என்று எப்படி முடிவு கட்டலாம், கடலோரத்துப் பெண், கேட்க நாதியில்லை என்ற நினைப்பா என்று விரல் மடக்கி மடக்கிக் கேட்டேன். நன்றாகவே வாதாடினேன். எனக்கு வாதம் வரும். இளங்கலை மூன்று வருடமும் கல்லூரிக்குப் பேச்சுப் போட்டிக் கேடயம் வாங்கிக் கொடுத்தவள் நான், எந்தப் பக்கம் நிறுத்தினாலும் அந்தப் பக்கத்துக்குப் பேசுவேன். ஆனால் அவள் என் விடையைப் பார்க்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. நின்று கேட்டவர்கள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவும் இல்லை.

இப்போது மணி பத்தே கால். பன்னிரண்டுக்கு மேல்முறையீட்டுக் குழு கூடுகிறது. அமலி கொடுத்த மனுவை விசாரிக்கப் போகிறார்கள், என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவரை சும்மா எதற்கு உட்காருகிறீர்கள் அங்கயற்கண்ணி, கடைசிச் சொற்கட்டில் அறுபது சொல் பாக்கி கிடக்கிறதே, முடித்து வைத்துவிடுங்கள் என்று தில்லைநாயகம் சார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவர்தான் திட்டத்துக்குத் தலைவர். அவளை நீக்கியவரும் அவர்தான். அறுபது சொல், மற்ற நாளாக இருந்தால் நாற்பது நிமிடம். முதல் சொல் பெத்தினே, சீப்பு. பெத், தி, நே. பிரிப்பதைக் கை தானாகச் செய்துவிடுகிறது, இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்டு, தனி மெய் வந்தால் அடுத்த உயிரோடு சேர், இதற்கெல்லாம் விதி உண்டு. அழுத்தத்துக்கு விதி கிடையாது. பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசை என்பார்கள், அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தையை நம்பி எத்தனை சொல்லைக் கெடுப்பது. முதல் அசையா, நடு அசையா? சொல்லிப் பார்க்கிறேன். பெத்தினே. மூன்று அசையும் ஒரே உயரத்தில், பேருந்து நிலையத்து அறிவிப்பு மாதிரி வருகிறது. இன்னொரு முறை. பெத்தினே. நாக்கு பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு இருக்கிற மாதிரி கனத்துக் கிடக்கிறது, கடித்தாலும் வலிக்காது போல. வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வருத்தமாக இருந்தால் அழலாம். பயமாக இருந்தால் சாப்பாடு இறங்காது, காலையில் நான்கு இட்லி சாப்பிட்டேன், நான்கும் ஒன்றுபோல இருந்தது, சட்னி இருந்ததா என்று நினைவில்லை. பெத்தினேயை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். ஸாப்பியா, மணல். ஃபார்ஃபால்லா, வண்ணத்துப்பூச்சி. குறி போடுகிற இடத்தில் சுட்டி நின்று நின்று துடிக்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மின்விசிறிதான் சுற்றுகிறது, அதுவும் அந்தப் பக்கத்து மின்விசிறி, யாருமில்லாத நாற்காலிக்கு மேல், யார் போட்டுவிட்டுப் போனார்களோ.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், குழுவிலும் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். இந்த வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே சொற்பட்டியலை ஒரே வரிசையில் இரண்டு பேரிடம் கொடுப்பார்கள், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் குறி போட வேண்டும், பிறகு ஒப்பிட்டுப் பார்த்து ஒத்துப் போவதை எடுத்துக்கொள்வார்கள், ஒத்துப் போகாததை வெளியே ஒரு நிபுணருக்கு அனுப்பிக் கேட்பார்கள். ஆகவே தனித்தனி அறை வேண்டும். திட்ட அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான் படித்திருக்கிறேன். துறையில் தனித்தனி அறை இல்லை. பழைய ஆய்வகம் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கி, நடுவில் ப்ளைவுட் அடித்துவிட்டார்கள், அதுவும் ஆளுயரம்தான், மேலே திறந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து அமலி நூறு வயசு என்பாள். அப்படியானால் யார் தப்பு? சேரும்போது எங்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், மற்றவர் திரையையோ தாளையோ பார்க்க மாட்டேன் என்று. பார்க்க மாட்டேன். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை எடுத்து வைத்துப் பார்த்திருப்பேன். நான் பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்க்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை, சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிடப் போகும்போது அவள் திரை அணையாமல் இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன், அவ்வளவு நேர்மை. நேர்மை என்று இப்போது சொல்லும்போது அந்தச் சொல்லிலும் எங்கும் அழுத்தம் விழவில்லை.

அமலிக்கு இத்தாலிய மொழி வந்தது அவள் படித்த கான்வென்ட்டில் இருந்த ஒரு சிஸ்டரிடமிருந்து. அந்தம்மா அந்த நாட்டுக்காரர், சமையலறையில் இவளை வைத்துக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டே பேசிப் பேசிச் சொல்லிக்கொடுத்தாராம். எனக்கு அது வந்தது மாலை வகுப்பிலும் ஒலிப்பதிவிலும். விதி எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியாது. அழுத்தம் அவளுக்குத் தெரிந்த அளவு எனக்கு என்றைக்குமே தெரியப்போவதில்லை. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அவள் அதைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். வாய்விட்டு, தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. "நீ கூப்பிட்டுப் பாரேன் ஏட்டி, எந்த எழுத்து நீளுதோ அங்கதான் அமுங்கும், படவுல போற ஆளக் கூப்பிட மாட்டியாக்கும்," என்றாள் முதல் நாளே. எங்கள் ராஜபாளையத்தில் படகும் கிடையாது, நான் யாரையும் தெருவில் நின்று கூப்பிட்டதும் கிடையாது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து தாஆஆவோலோ என்று ஒரு மேசையைக் கூப்பிடுவாள். தெலேஏஏஃபோநோ என்று தொலைபேசியைக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டுத் தனக்குள்ளே சிரிப்பாள். பென்சிலால் நோட்டில் குறிப்பாள், பக்கம் முழுக்க முடித்த பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து பார்ப்பாள், தப்பென்று பட்டதை அழித்து எழுதுவாள், பிறகுதான் கணினியில் ஏற்றுவாள். முதல் இரண்டு வாரம் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டுகூட வேலை பார்த்தேன். அந்த இரண்டு வாரத்துத் தப்புகள் என் தப்புகள். பத்தாம் வகுப்பில் வெண்பாவுக்கு அலகிட்டுப் பழகிய கை, இரண்டு குறில் சேர்ந்து வந்தால் நிரை என்று ஒன்றாகச் சேர்த்துவிடும், பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காது. தமிழ்ப் பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அந்தத் தப்பைப் பார்த்து தில்லைநாயகம் சார்கூடச் சிரித்தார், இத்தாலிக்காரனைத் தேமா புளிமா ஆக்கிவிட்டீர்களே என்றார். மூன்றாவது வாரத்திலிருந்து அந்தத் தப்பு என் விடைகளில் ஒன்றுகூட இல்லை. தேதி போட்டு அடுக்கிப் பார்த்தால் யாருக்கும் தெரியும். யாரும் அடுக்கிப் பார்க்கவில்லை, சிரித்தவர்கூட.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை. பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. இப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொன்னாலும் அலங்காரமாகிவிடும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன், க்ராந்தினே, ஆலங்கட்டி மழை. யோசித்துக்கொண்டே இருந்தபோது அந்தப் பக்கமிருந்து க்ராஆஆந்தினே என்று கூப்பிட்டாள். என் விரல் முதல் அசையில் குறி போட்டுவிட்டது. நான் போடவில்லை, விரல் போட்டது, இப்படி ஒரு வாதமும் என்னிடம் இருக்கிறது, எல்லா வாதமும் என்னிடம் இருக்கிறது. காதில் விழுந்ததை விழாததாக ஆக்க முடியுமா? தெரிந்த விடையைத் தெரியாதது போல வேண்டுமென்றே தப்பாகப் போட்டால் அதுதானே பொய்? அன்றைக்கு அது ஒரு சொல். மறுநாள் பத்து. அந்த மாதக் கடைசியில் நான் திரையில் சொல்லைப் படிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன், பலகைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. அவள் குரல் வரும், நான் தட்டுவேன். அவளுக்குத் தடுமன் பிடித்துத் தொண்டை கட்டிய இரண்டு நாள் நான் விடுப்பு எடுத்தேன். எனக்கும் தடுமன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளும் துறையில் இருக்கும். அவளுடைய கான்வென்ட் சிஸ்டர், மொல்லிகா என்ற சொல்லை முதல் அசையில் அழுத்திச் சொல்வாராம், அவர் ஊர் வழக்கு, ரொட்டியின் உள்ளே மெத்தென்று இருக்குமே, அது மொல்லிகா. சரியானது நடு அசை, மொல்-லீ-கா. அகராதி என் மேசையில் இருந்தது, கையை நீட்டினால் எடுக்கலாம். மொஒஒல்லிகா என்று அவள் ஆசையாகக் கூப்பிட்டாள், அதில் ரொட்டி வாசமே வந்தது, நான் முதல் அசையில் குறி போட்டேன். ருப்ரீகாவை ரூப்ரிகா என்றாள், போட்டேன். இப்படி முந்நூற்றுப் பன்னிரண்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு சொல்லில் இரண்டு பேரும் ஒரே அசையில் தப்பு செய்திருக்கிறார்கள் என்று சார் அகராதியோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்தபோது, அது யார் வாயிலிருந்து வந்த தப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு சமையலறையிலிருந்து வந்தது. அந்தச் சமையலறையில் நான் இருந்ததே இல்லை.

சார் ஒன்றைத்தான் பார்த்தார், நேரத்தை. கணினி ஒவ்வொரு விடைக்கும் நேரம் பதிகிறது. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் என் நேரம் முந்தி, அமலியின் நேரம் பிந்தி, பத்து நிமிடம், இருபது நிமிடம். முந்தி எழுதியவர் எப்படிப் பார்த்து எழுத முடியும்? எளிமையான வாதம், நானே அந்தப் பக்கத்தில் நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். என்னைக் கூப்பிட்டு, அவள் திரையை நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். உண்மை. உங்கள் திரையை அவள் பார்த்ததை நீங்கள் கவனித்ததுண்டா என்றார். இல்லை சார். அதுவும் உண்மை. இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு பலகை இடைவெளி இருந்தது, நான் அதில் ஒண்டிக்கொண்டேன். கோபம் வந்தது வெளியே வந்த பிறகுதான், அவளுக்காக, அவ்வளவு கோபம். அந்தக் கோபம் பொய்யில்லை. அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. பொய்யாக இருந்தால் இத்தனை நாளில் அலுத்துப் போயிருக்கும். இத்தாலியில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது, திட்டத்திலிருந்து ஒருவரை மட்டும் அனுப்புவார்கள், இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அந்தப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை என்று என்னிடம் நானே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். நிரப்பவில்லை, ஆனால் மடிக்காமல் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன், மடிப்பு விழுந்தால் அசிங்கமாக இருக்கும் என்று.

பதினொன்று இருபது. ஒன்பது சொல்லுக்குத்தான் குறி போட்டிருக்கிறேன், ஒன்பதும் சும்மா. இடது கால் மரத்துப்போய்விட்டது, தட்டினால் மேசைக்காலைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. முந்தாநாள் காலை விடுதியில் குடிதண்ணீர் பிடிக்க நின்றபோது அமலி வந்தாள். நான் என் பாட்டிலை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன். நில்லுட்டி என்றாள். அவள் அம்மாவிடம் போனில் என்னைப் பற்றிச் சொன்னாளாம், இங்கே ஒருத்தி எனக்காக ஊரெல்லாம் சண்டை போடுகிறாள் என்று. அம்மா கோயிலில் என் பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாராம். நான் ஏதோ சொன்னேன், துறையைத் திட்டினேன் என்று நினைக்கிறேன், பலகையைப் பற்றி, அறையைப் பற்றி. அவள் அதைக் கேட்கவில்லை. பாட்டில் நிரம்பி வழிந்து அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "ஏட்டி, எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. சாப்பாட்டுக்குப் போகும்போது ஒன் பக்கமாத்தான வருவேன், அப்போ தெரியாமப் பாத்துருப்பேனோ? பாத்தது மனசுல நின்னுருக்குமோ? கூப்பிட்டுப் பாக்கும்போது அதுதான் வாயில வந்துருக்குமோ?" நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருடமாக ஒரு சொல்லையும் சந்தேகத்தோடு விட்டுவைக்காத பெண். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கூப்பிட்டுத் தீர்த்துக்கொள்கிறவள். இப்போது அவள் தன் காதையே நம்பவில்லை. அப்போதாவது ஏதாவது வலித்திருக்க வேண்டும். குழாயை மூடினேன். தண்ணீர் வீணாகிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் எண்ணினேன், இருபத்திரண்டு, எண்ணிக்கொண்டே இருந்தால் வேறு எதுவும் உள்ளே வராது.

வேலை போனது, விடுதி போகப்போவது, இதற்கெல்லாம் என்னிடம் வாதம் இருக்கிறது. இதற்கு இல்லை. மற்றதைத் துறை செய்தது, சார் செய்தார், பலகை செய்தது என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடலாம், எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும். அவள் தன் காதைச் சந்தேகப்படுவதில் யாருக்கும் பங்கில்லை, முழுக்க எனக்குத்தான். குழுவில் பேச ஏழு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். முதல் குறிப்பு, தனி அறை தராதது நிர்வாகத் தவறு. இரண்டாவது, உறுதிமொழியில் பார்த்தல் மட்டுமே தடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, ஒத்த தவறுகள் தற்செயலாகவும் நேரலாம். இப்படிப் போனால் அவளை மீட்டுவிடலாம், நானும் கெட மாட்டேன், இரண்டு பேருமே நிற்கலாம், அழகான வாதம். ஆனால் தற்செயல் என்று குழு எழுதிக் கொடுத்தால் அவள் வீட்டுக்குப் போய், தற்செயலாகப் பார்த்திருப்பேனோ என்றுதானே யோசித்துக்கொண்டிருப்பாள்? அந்த இடத்தில் என் ஏழு குறிப்பும் நின்றுவிடுகின்றன. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மறுபடி அங்கேயே நிற்கின்றன. அலுவலக உதவியாளர் சௌந்தரவல்லி அக்கா கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். "வாம்மா, முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் புள்ளையும் வந்து உக்காந்துருச்சு. முகத்தக் கழுவிட்டு வா, செத்த வீட்டுலருந்து வந்த மாதிரி இருக்க." முகத்தைக் கழுவினேன். தண்ணீர் குளிர்ந்திருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா, தெரியவில்லை.

நீள மேசை. நடுவில், அவளை நீக்கிய தில்லைநாயகம் சாரே, அவர் பக்கத்தில் பதிவாளர் அனுப்பிய ஒருவர், ஓரத்தில் புள்ளியியல் துறையிலிருந்து இரத்தினாவதி மேடம், முன்னால் அச்சடித்த பட்டியல், அதில் பென்சில் கோடுகள். அமலி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் அவள் நோட்டு, அதன்மேல் இரண்டு கையும். என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினாள், நல்லாப் பேசு என்கிற மாதிரி. சார் பழைய இரண்டு கேள்வியையும் வரிசை மாறாமல் கேட்டார். பழைய இரண்டு உண்மையையும் வரிசை மாறாமல் சொன்னேன். பதிவாளர் அனுப்பியவர் எழுதிக்கொண்டார். பிறகு நான் குறிப்புத் தாளைப் பிரித்து, தனி அறை என்று ஆரம்பித்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது. நிர்வாகம் என்றேன், விதிமுறை என்றேன், வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எல்லா அசையும் ஒரே உயரத்தில். இரத்தினாவதி மேடம் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் இரண்டாவது குறிப்புக்கு வந்தபோது பென்சிலைக் கீழே வைத்தார். அதட்டலாகக் கேட்கவில்லை, கணக்குப் புரியாத மாணவி கேட்கிற மாதிரிதான் கேட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. நாலு சொல்லுக்கு அஞ்சு நிமிஷம்னு ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்காங்க. அமலோற்பவம் கிட்டத்தட்ட அந்த வேகத்துலதான் போயிருக்காங்க. நீ எப்பவும் அவங்களுக்கு முன்னாடியே முடிச்சுடறே. இவ்வளவு கஷ்டமான சொல்லுங்க, ஒண்ணுலகூட நீ தயங்கினதாத் தெரியலையே. அது எப்படி?"

சார் என் சார்பில் பதில் சொல்ல வாயெடுத்தார், இவர் கெட்டிக்காரப் பெண் என்று ஏதோ. அமலியும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. குறிப்புத் தாளில் இதற்கு எதுவும் இல்லை. தாளை மேசைமேல் வைத்தேன்.

"அவ யோசிப்பா மேடம். சத்தமாச் சொல்லிப் பாப்பா, எழுதுவா, அழிப்பா, பக்கத்த முடிச்சுட்டுத்தான் ஏத்துவா. எனக்கு யோசிக்கிற வேலையே இல்ல. அவ குரல் பலகைக்கு மேல வரும், வந்ததும் தட்டிருவேன். அதான் நான் முந்தி. அந்த நோட்ட வாங்கிப் பாருங்க. அவ முதல்ல எழுதிட்டு அப்புறம் அழிச்சதுகூட எங்கிட்ட அழியாம அப்படியே இருக்கும்."